குளிர்கால ஸ்டாக்ஹோம்: வெளிச்சம் இருக்கும்போது வெளியே, இருட்டியதும் உள்ளே

குளிர்காலத்தில் மூன்று நான்கு நாள் ஸ்டாக்ஹோம் போகிறீர்களா? முதலில் அந்த வாரத்தில் சூரியன் எப்போது உதிக்கிறது, எப்போது மறைகிறது என்று பார்த்துவிடுங்கள், மற்ற திட்டமெல்லாம் அதற்கப்புறம். டிசம்பர் நடுவில் காலை எட்டே முக்கால் வாக்கில்தான் சூரியன் தலைகாட்டும், பிற்பகல் மூன்று மணிக்குள் மறைந்துவிடும். பிப்ரவரி நடுவில் பகல் ஒன்பது மணி நேரத்தைத் தாண்டிவிடும், தரையில் பனி தங்கி நிற்கவும் அப்போது வாய்ப்பு அதிகம். அதனால் என்னைக் கேட்டால் பிப்ரவரிதான். டிசம்பர் 13 அன்று மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பாடிக்கொண்டு ஊர்வலம் வரும் லூசியா விழாவும் பழைய நகரத்துக் கிறிஸ்துமஸ் சந்தையும் கட்டாயம் வேண்டும் என்பவர்கள் மட்டும் டிசம்பரில் போங்கள்.

ஆர்லாண்டா விமான நிலையம் நகரத்திலிருந்து வடக்கே சுமார் 40 கி.மீ. ஆர்லாண்டா எக்ஸ்பிரஸ் இருபது நிமிடத்துக்குள் கொண்டுவந்து சேர்த்துவிடும், ஆனால் கட்டணம் அதிகம். பேருந்தோ புறநகர் ரயிலோ போதும் என்றால் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும், அவ்வளவுதான். நகருக்குள் சுற்ற 72 மணி நேர டிக்கெட் வாங்கிக்கொண்டால் மெட்ரோ, பேருந்து, டிராம் எல்லாவற்றிலும் ஏறலாம், ஸ்லுசென் படகுத்துறையிலிருந்து யூர்கோர்டன் தீவுக்குப் போகும் படகுக்கும் அதுவே செல்லும்.

உடையில் எல்லோரும் கோட்டைப் பற்றியே கவலைப்படுகிறார்கள், உண்மையில் பாடுபடுத்துவது கால்தான். பகலில் உருகும் பனி இரவில் மறுபடி உறைந்து நடைபாதையெல்லாம் கண்ணாடி மாதிரி ஆகிவிடும், மேலே சரளைக் கல் தூவியிருந்தாலும் வழுக்கும். நல்ல பிடிப்புள்ள, தண்ணீர் புகாத பூட்ஸ், கம்பளிக் காலுறை, வேண்டுமானால் பூட்ஸுக்கு அடியில் மாட்டிக்கொள்கிற முள் வைத்த ரப்பர் பட்டை (அங்கேயே கடைகளில் கிடைக்கும்), இதில் கஞ்சத்தனம் வேண்டாம். மேலே ஒரே ஒரு தடித்த ஸ்வெட்டரைவிட மெல்லிய உடைகள் இரண்டு மூன்று போட்டு அதன்மேல் காற்றுப் புகாத கோட் போடுவது நல்லது, ஏனென்றால் கட்டடங்களுக்குள் நன்றாகவே சூடு வைத்திருப்பார்கள், ஒவ்வொன்றாகக் கழற்ற முடிய வேண்டும். போனை உள்பாக்கெட்டில் வையுங்கள், குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும். நடைபாதையைக் கம்பு வைத்து மறித்திருந்தால் தாண்டிப் போகாதீர்கள்! கூரையிலிருந்து பனியும் ஐஸும் விழும் இடம் என்று அர்த்தம்.

சரி, ஒரு நாளை எப்படிப் பிரிப்பது? காலையில் வெளிச்சம் வந்ததும் சோடெர்மால்ம் தீவில் உள்ள மோன்டெலியஸ்வேகன் பாதைக்குப் போங்கள். பாறை விளிம்பை ஒட்டிய மரப்பலகை நடைபாதை அது, கீழே நீர்ப்பரப்பு, எதிரே நோபல் விருந்து நடக்கிற நகர மண்டபத்தின் செங்கல் கோபுரம். வெயில் தாழ்ந்தே வருவதால் அந்தச் செங்கல் நாள் முழுக்கச் சிவந்து தெரியும். அங்கிருந்து பழைய நகரமான காம்லா ஸ்டானுக்கு நடந்தே வந்து சந்துகளில் சுற்றிவிட்டு, மதியம் படகேறி யூர்கோர்டன் போய்விடுங்கள்.

இருட்ட ஆரம்பிக்கும்போது வாசா அருங்காட்சியகத்துக்குள் இருந்தால் சரியாக இருக்கும். 1628இல் முதல் பயணத்திலேயே மூழ்கி, 333 ஆண்டுகள் கழித்து 1961இல் மேலே தூக்கப்பட்ட போர்க்கப்பல் அது. பால்டிக் கடலில் உப்பு குறைவு என்பதால் மரத்தை அரிக்கும் கப்பல்புழு அங்கே இல்லை, அதனால்தான் கப்பல் ஏறக்குறைய முழுசாகக் கிடைத்தது. மரத்தைக் காக்க உள்ளே வெளிச்சமும் சூடும் குறைவாகவே வைத்திருப்பார்கள், அதனால் இங்கே மட்டும் ஸ்வெட்டரைக் கழற்றிவிடாதீர்கள். கீழே நின்று பார்த்துவிட்டு வந்துவிடாமல், மாடிக்கு மாடி ஏறிப் பின்பக்கச் சிற்பங்களைப் பாருங்கள்.

அதற்கப்புறமும் நேரம் இருந்தால் மெட்ரோதான். டி-சென்ட்ராலெனில் நீல நிற இலைக்கொடிகள், சோல்னா சென்ட்ரமில் சிவப்பு வானம், ஸ்டேடியோனில் வானவில் என்று பாறையைக் குடைந்த நிலையங்களிலேயே ஓவியம் தீட்டியிருக்கிறார்கள். கையில் டிக்கெட் இருக்கிறது, தனிச் செலவில்லை.

பணம் குரோனா. ஆனால் ரொக்கம் வாங்காத கடைகள் நிறைய, கார்டே போதும். சாப்பாடு விலை அதிகம்தான், வார நாட்களில் மதிய உணவு வேளையில் சாப்பாடு, சாலட், காபி சேர்த்து ஒரே விலையில் தரும் உணவகங்களைப் பிடியுங்கள். கிறிஸ்துமஸ் முடிந்ததிலிருந்து தவக்காலம் வரை பேக்கரிகளில் செம்லா கிடைக்கும். ஏலக்காய் பன்னுக்குள் பாதாம் விழுதும் மேலே கிரீமும் வைத்தது, விடாதீர்கள். வியாழக்கிழமை என்றால் பட்டாணி சூப்பும் பான்கேக்கும் அங்கே பழைய வழக்கம். சைவம் சாப்பிடுபவர்கள் சூப்பைக் கேட்டுவிட்டு வாங்குங்கள், பெரும்பாலும் பன்றி இறைச்சி போட்டிருப்பார்கள்.