குள்ள ஏஞ்சல் மீனுக்கு எவ்வளவு பெரிய தொட்டி வேண்டும்?

பெயரிலேயே குள்ளம் இருப்பதால் சின்னத் தொட்டி போதும் என்று நிறைய பேர் நினைத்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் கோரல் பியூட்டி என்ற கடல் குள்ள ஏஞ்சல் மீன் ஒன்றை 75 லிட்டர் தொட்டியில் விட்டேன். இரண்டே வாரத்தில் அது பாறைப் பக்கம் போவதையே விட்டுவிட்டு, கண்ணாடியின் ஒரே ஓரத்தில் மேலே, கீழே, மேலே, கீழே என்று நாள் முழுக்க நீந்த ஆரம்பித்தது. கூட இருந்த கோமாளி மீனின் வால் ஓரமெல்லாம் கிழிந்திருந்தது. அந்த மீனிடம் குறை எதுவும் இல்லை, இடம்தான் பற்றவில்லை.

எம்பரர் போன்ற பெரிய கடல் ஏஞ்சல்கள் 30 செ.மீ.யைத் தாண்டி வளரும். அவற்றோடு ஒப்பிட்டுத்தான் கோரல் பியூட்டி போன்றவை அடங்கிய சென்ட்ரோபைஜ் இனத்தைக் குள்ளம் என்கிறோம். ஆனால் இந்த மீனுக்கு இடம் எதற்குத் தேவை என்பதை அதன் நீளத்தை வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாது, அது சாப்பிடும் விதத்தைப் பார்க்க வேண்டும். தொட்டி முன்னால் பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். பாறையில் ஒரு கொத்து, உடனே அடுத்த பாறை, அங்கே இரண்டு கொத்து, ஒரு பொந்துக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்து, உடம்பைச் சாய்த்து அடிப்பக்கத்தில் இன்னொரு கொத்து. பாறையில் படியும் மெல்லிய பாசியையும் அதில் ஒட்டியிருக்கும் சின்ன உயிர்களையும் நாள் முழுக்க மேய்ந்துகொண்டே இருக்கும். மேய்கிற பரப்பைத் தன் சொந்த இடமாக வைத்துக்கொண்டு, அதற்குள் யார் வந்தாலும் விரட்டும். அதனால் தொட்டி வாங்கும்போது எத்தனை லிட்டர் என்பதோடு, எவ்வளவு பாறை வைக்கலாம், எவ்வளவு நீளம் கிடைக்கும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

சரி, அளவுக்கு வருவோம். குள்ள ஏஞ்சல் வகைகளில் செரப், ஆப்பிரிக்கன் ஃபிளேம்பேக் இரண்டும் சுமார் 8 செ.மீ. அளவிலேயே நின்றுவிடும், இவற்றுக்கு 110 லிட்டரிலிருந்து யோசிக்கலாம், தொட்டி 80 செ.மீ. நீளமாவது இருக்கட்டும். ஆனால் செரப் உருவத்தில் சின்னதே தவிர, சண்டைக்குச் சளைக்காதது, அதோடு பயந்த சுபாவமுள்ள மீன்களைச் சேர்க்காதீர்கள். கோரல் பியூட்டி, ஃபிளேம் ஏஞ்சல் மாதிரி 10 செ.மீ. தொடுகிற வகைகளுக்கு 200 லிட்டருக்குக் குறைய வேண்டாம், 250 இருந்தால் நிம்மதி. லெமன்பீலும் பைகலரும் 14, 15 செ.மீ. வரை போகும், இவற்றுக்கு 300 லிட்டருக்குக் கீழே நான் யாருக்கும் சொல்வதில்லை.

நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர் வந்துவிடும். 60×60×60 தொட்டி 216 லிட்டர். 120×45×40 தொட்டியும் அதே 216 லிட்டர்தான், ஆனால் இரண்டாவதில் மீன் ஓடும் தூரம் இரட்டிப்பு, விரட்டப்படுகிற மீன் தப்பித்து மறுமுனைக்குப் போகவும் இடம் இருக்கும். நான் கண்ணை மூடிக்கொண்டு நீளமானதைத்தான் எடுப்பேன். விளிம்பு வரை நாம் தண்ணீர் நிரப்புவதில்லை, மணலும் பாறையும் வேறு கொஞ்சம் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், அதனால் கணக்கில் வந்த லிட்டர் அப்படியே கையில் நிற்காது. சம்பில், அதாவது வடிகட்டலுக்காகத் தொட்டியோடு இணைக்கும் துணைத் தொட்டியில், இருக்கும் தண்ணீர் நீரின் தரம் நிலையாக இருக்க நன்றாக உதவும், ஆனால் மீன் அங்கே போய் நீந்தப் போவதில்லை, அதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பாறையைச் சுவர் மாதிரி பின்னால் அடுக்கிவிடாமல், இரண்டு மூன்று குவியலாகப் பிரித்து, நடுவே நுழைந்து வரும்படி பொந்துகள் விட்டு வையுங்கள். அப்புறம், தொட்டி அமைத்து ஆறு மாதமாவது ஆகட்டும். புதுப் பாறையில் மேய எதுவும் இருக்காது, எவ்வளவு பெரிய தொட்டியாக இருந்தாலும் அதில் மீன் இளைத்துப் போகும். மற்ற மீன்களை முதலில் விட்டு, ஏஞ்சலைக் கடைசியாக விட்டால் விரட்டல் குறையும்.

இரண்டு ஏஞ்சல் வைக்க ஆசையா? இவை எல்லாம் பெண்ணாகவே வளர ஆரம்பித்து, கூட்டத்தில் ஆதிக்கம் செய்கிற ஒன்று ஆணாக மாறும். இரண்டுமே முதிர்ந்த பெரிய மீன்களாக இருந்தால் சண்டை நிச்சயம். ஒன்று பெரியது, ஒன்று சின்னது என்று எடுத்து, மேலே சொன்ன அளவுக்கு மேல் தாராளமாக இடம் கொடுத்தால்தான் முயன்று பார்க்கலாம். ஒன்றோடு நிறுத்திக்கொள்வதுதான் நல்லது என்பேன்.

ஏற்கெனவே சின்னத் தொட்டியில் விட்டுவிட்டவர்கள், மீன் கண்ணாடி ஓரமாகவே சுற்றுகிறதா, மற்றவற்றைக் கடிக்கிறதா என்று கவனித்து, சீக்கிரம் இடம் மாற்றுங்கள். மாற்றும்போது வலை போடாதீர்கள், செவுள் பக்கத்தில் இருக்கும் முள் வலையில் சிக்கி, பிரிக்கப் போனால் மீனுக்குக் காயமாகிவிடும். தெளிவான பிளாஸ்டிக் டப்பாவை நீருக்குள் சாய்த்துப் பிடித்து, மீனை மெதுவாக அதற்குள் ஓட்டி, தண்ணீரோடு சேர்த்தே தூக்குங்கள்.