கீமோ போடும் பெற்றோருடன் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை

புற்றுநோய்க்கான மருந்து சிகிச்சையான கீமோ தொடங்கும் முன்பே வீட்டில் ஒருவரை முடிவு செய்துவிடுங்கள்: டாக்டரிடம் பேசுவது அவர்தான், ஃபைலும் அவர் பொறுப்பு. கூட இருக்க மகன் ஒரு நாள், மருமகள் ஒரு நாள் என்று மாறிக்கொள்ளலாம். டாக்டர் சொன்னது மட்டும் ஆளுக்கு ஒன்றாகச் சிதறக் கூடாது. ஃபைலின் மேலே ஒரு தாள் இருக்கட்டும். கீமோ மருந்துகளின் பெயர், கடைசியாகப் போட்ட தேதி, ஒத்துக்கொள்ளாத மருந்து, ஏற்கெனவே சாப்பிடும் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் எல்லாம் அதில் வேண்டும். நள்ளிரவில் எமர்ஜென்சிக்குப் போனால் இவற்றைத்தான் முதலில் கேட்பார்கள்.

டிரிப்ஸ் ஓடும்போது ஊசி போட்ட இடத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். எரிச்சல், வலி, வீக்கம் எது வந்தாலும் உடனே சிஸ்டரைக் கூப்பிட வேண்டும். "பரவாயில்லப்பா, பொறுத்துக்கறேன்" என்று அம்மா சொல்வார், விடாதீர்கள். சில மருந்துகள் ரத்தக்குழாயை விட்டு வெளியே கசிந்தால் அந்த இடமே புண்ணாகி அழுகிவிடும். நடுக்கம், மூச்சுத் திணறல், உடம்பெல்லாம் அரிப்பு வந்தாலும் காத்திருக்கக் கூடாது. டாக்ஸோரூபிசின் என்ற கீமோ மருந்து போட்டால் ஓரிரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும். அது மருந்தின் நிறம், பயப்பட வேண்டாம். ஆக்ஸாலிபிளாட்டின் என்ற மருந்து போட்டவர்கள் சில நாட்களுக்கு ஐஸ் தண்ணீர் குடிக்கவோ ஃப்ரிட்ஜுக்குள் கைவிடவோ கூடாது. விரலும் தொண்டையும் சுரீரென்று குத்தும்.

வீட்டுக்கு வந்த முதல் 48 மணி நேரம் வாந்தி, சிறுநீர், மலம் மூன்றிலும் மருந்து கலந்திருக்கும். சுத்தம் செய்பவர் கையுறை போட வேண்டும். கர்ப்பிணிகளை இந்த வேலையில் விடாதீர்கள்.

பெரிய ஆபத்து அதற்குப் பிறகுதான். பெரும்பாலான கீமோக்களில், போட்ட 7 முதல் 14 நாளுக்குள், கிருமிகளை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் மிகவும் குறையும். ஆள் தெம்பாகத் தெரிவார், வீட்டிலும் அசந்துவிடுவார்கள். தொட்டுப் பார்த்துச் சொல்லும் காய்ச்சல் கணக்கு இங்கே உதவாது. டிஜிட்டல் தெர்மாமீட்டர் கட்டாயம். காபியோ வெந்நீரோ குடித்திருந்தால் அரை மணி நேரம் விட்டு நாக்குக்கு அடியில் வையுங்கள். 100.4 டிகிரி ஒரு தடவை காட்டினாலே, இரவு 2 மணியானாலும் கிளம்ப வேண்டும். பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று இருப்பதுதான் பல வீடுகளில் நடக்கும் தவறு. மாத்திரை காய்ச்சலை மறைக்கும். ரத்தத்தில் பரவும் கிருமியை ஒன்றும் செய்யாது. வாசலிலேயே "கீமோ போட்டு 10 நாள், காய்ச்சல்" என்று சொல்லுங்கள். நரம்பு வழி ஆன்டிபயாடிக்கை ஒரு மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். காய்ச்சல் இல்லாமல் குளிர் நடுக்கம் மட்டும் வந்தாலும் இதே அவசரம்தான். சிகிச்சை சென்னையிலும் வீடு வெளியூரிலும் என்றால், அவசரத்துக்குப் பக்கத்தில் எந்த மருத்துவமனைக்குப் போவது என்று முதல் கீமோவின்போதே டாக்டரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பார்க்க வரும் சொந்தக்காரர்களில் சளி, இருமல் உள்ளவர்கள் போனில் பேசினால் போதும்.

வாய்ப்புண்ணுக்கு, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடா கலந்து தினமும் 4, 5 தடவை கொப்பளிக்கச் சொல்லுங்கள். தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். வாந்தி மாத்திரையைக் குமட்டல் வந்த பிறகு அல்ல, டாக்டர் எழுதிய நேரத்திலேயே கொடுங்கள். தாளிக்கும் வாசனையே பலருக்குக் குமட்டும். சமைக்கும்போது அவரை வேறு அறையில் உட்கார வைத்து, சாப்பாட்டைச் சூடு ஆறியபின் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். காலையில் அரைத்த சட்னி மாலைக்கு வேண்டாம். கடையில் நறுக்கி விற்கும் பழமும் வேண்டாம். பப்பாளி இலைச்சாறு, கஷாயம் என்று யார் எதைச் சொன்னாலும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

செலவைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டில் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் உண்டு. ஒப்புதல் வந்த பிறகே கீமோ தேதி வைக்கும்படி கவுண்டரில் கேளுங்கள். சிகிச்சைக்கு ரயிலில் போவதாக இருந்தால் நோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றாம் வகுப்பு ஏசியிலும் கட்டணம் இல்லை; கூடப் போகும் ஒருவருக்கு அதே வகுப்புகளில் 75 சதவீதக் கட்டணச் சலுகை. அதற்கான சான்றிதழை மருத்துவமனையில் கையெழுத்து வாங்கிக்கொண்டுபோய் முன்பதிவு கவுண்டரில் கொடுக்க வேண்டும்.