கையடக்க வானொலியின் ஒலியைச் செம்மைப்படுத்தும் முறை

பற்றரியில் இயங்கும் சிறிய வானொலி ஒன்று தகரப் பேணிக்குள் இருந்து பேசுவது போல ஒலித்தால், குறை பெரும்பாலும் அலையை வாங்கும் பகுதியில் இருப்பதில்லை. ஸ்பீக்கர், அதைத் தாங்கும் பிளாஸ்டிக் பெட்டி, ஒலியை உரப்பாக்கும் பெருக்கியிலிருந்து ஸ்பீக்கருக்குச் செல்லும் வழியிலுள்ள ஒரு கொள்ளளவி (கண்டென்சர்) ஆகிய மூன்றிலுமே அது தங்கியிருக்கிறது. பண்பலை ஒலிபரப்பு 15 கிலோஹேர்ட்ஸ் வரையான ஒலியைச் சுமந்து வருகிறது. அதில் பாதியைக்கூட இந்த மூன்றும் வெளியே விடுவதில்லை. மத்திய அலையின் கதை வேறு. அங்கே நிலையங்களுக்கிடையே 9 கிலோஹேர்ட்ஸ் இடைவெளியே உள்ளது என்பதால், இரவில் கடல் தாண்டி வரும் தமிழ்நாட்டு நிலையங்களைக் கேட்பவர்கள் இந்த மாற்றங்களால் குரல் தெளிவை எதிர்பார்க்கலாமே தவிர, பண்பலையின் மினுக்கத்தை எதிர்பார்க்க முடியாது.

திருகோணமலையில் வேலையைத் துப்புரவிலிருந்துதான் தொடங்க வேண்டும். திருக்கடலூர், நிலாவெளி போன்ற இடங்களில் கடலைப் பார்த்திருக்கும் வீடுகளில் உப்புக் காற்று பற்றரிச் சுருள்களையும் ஸ்பீக்கர் கம்பி முனைகளையும் பச்சை பிடிக்கச் செய்கிறது. அந்தப் பச்சை ஒரு தடையாக நின்று, ஒலியைக் கூட்டும்போது மின்னழுத்தத்தைச் சரிய வைக்கிறது. உரத்த இடங்களில் கேட்கும் கரகரப்பில் ஒரு பங்கு அதனால் வருவதே. முனைகளை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, ஒலியளவுக் குமிழின் உள்ளே மின்தொடுகை துப்புரவுத் திரவம் சில துளி விட்டு, குமிழை இருபது முறையாவது இருபக்கமும் திருப்புங்கள். இதிலேயே திருப்தி அடைந்து பெட்டியை மூடிவிடுபவர்கள் உண்டு; அது தவறுமல்ல.

அடுத்தது பெட்டி. ஸ்பீக்கரின் கூம்புத் தாள் முன்னே காற்றைத் தள்ளும் அதே கணத்தில் பின்னே காற்றை இழுக்கிறது. ஸ்பீக்கரின் விளிம்புக்கும் முன்பலகைக்கும் இடையே நூலளவு இடைவெளி இருந்தாலும் முன்னலையும் பின்னலையும் அங்கே சந்தித்து ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. மிருதங்கத்தின் தொப்பி ஒலி முதலில் காணாமற் போவது இதனால்தான். விளிம்பைச் சுற்றி மெல்லிய ஸ்பொஞ்ச் பட்டி ஒட்டித் திருகாணிகளைச் சமமாக இறுக்குங்கள். பின்மூடியின் உட்புறத்தில் ஒரு துண்டுக் கம்பளித் துணியை ஒட்டினால் பிளாஸ்டிக்கின் அதிர்வு அடங்கும். பெருக்கிச் சில்லின் மேல் துணி படக்கூடாது, அது சூடாகும். உலோகத் தகட்டையும் உள்ளே ஒட்ட வேண்டாம். மத்திய அலையை வாங்கும், கம்பி சுற்றிய கருநிறப் பெரைற் கோலின் அருகே அது இருந்தால் வாங்கும் திறன் குறையும்.

ஸ்பீக்கரை மாற்ற விரும்பினால், பழையதன் பின்புறத்தில் எழுதியிருக்கும் ஓம் அளவை, அதாவது மின்தடையின் அளவைப் பாருங்கள். எழுத்து அழிந்திருந்தால் மல்டிமீற்றரால் அளக்கலாம். 8 ஓம் ஸ்பீக்கர் ஏறக்குறைய 7 ஓம் என்றே காட்டும். 8 ஓமுக்குப் பதிலாக 4 ஓம் பொருத்தினால் ஒலி சற்றுக் கூடும், ஆனால் மின்னோட்டமும் கூடிச் சில்லு வேகும். ஆசைப்பட்டு நான் அப்படிப் பொருத்திய ஒரு வானொலி, ஒரு கிரிக்கெட் வர்ணனை முடியுமுன்னரே மௌனமானது. புதிய ஸ்பீக்கரின் காந்தம் பெரிதாக இருப்பது நல்லதுதான். எனினும் அது பெரைற் கோலை நெருங்கினால் மத்திய அலையின் சுருதி விலகும் என்பதால், இரண்டுக்கும் இடையே இயன்ற தூரம் விடுங்கள்.

செலவு மிகக் குறைந்ததும் பலன் மிகத் தெளிவானதும் கொள்ளளவி மாற்றமே. கடையில் கண்டென்சர் என்று கேட்டால் தருவார்கள். பெருக்கிக்கும் ஸ்பீக்கருக்கும் இடையே தொடராக நிற்கும் இது நேரோட்டத்தைத் தடுத்து ஒலியை மட்டும் விடுகிறது; ஆனால் கொள்ளளவு குறைந்தால் தாழ்ந்த சுரங்களையும் சேர்த்துத் தடுத்துவிடும். 8 ஓம் ஸ்பீக்கருடன் 100 மைக்ரோபரட் (கொள்ளளவின் அலகு) இருந்தால் ஏறக்குறைய 200 ஹேர்ட்ஸுக்குக் கீழே ஒலி சரியத் தொடங்கும்; 220 என்றால் 90 ஹேர்ட்ஸ்; 470 என்றால் 42. உள்ளங்கை அளவு ஸ்பீக்கர் அவ்வளவு ஆழத்துக்கு இறங்காது, ஆகவே 470-ஐத் தாண்டுவது வீண். 6 வோல்ற்று வானொலிக்கு 16 வோல்ற்று தாங்கும் கொள்ளளவியை வாங்குங்கள். பற்றரியைக் கழற்றிய பின், பழையதன் மறை முனையை (−) காட்டும் கோடு எந்தப் பக்கம் இருந்தது என்பதைக் குறித்துக்கொண்டு, புதியதையும் அதே பக்கமாகப் பற்றவையுங்கள். மாறிப் பொருத்தினால் அது வீங்கி வெடிக்கலாம். பற்றரியின் இரு முனைகளுக்குக் குறுக்கே 1000 மைக்ரோபரட் கொள்ளளவி ஒன்றையும் சேர்த்தால், பற்றரி தளரும் நாட்களில் உரத்த சொற்கள் உடைவது குறையும்.

எல்எம்386 என்ற பெருக்கிச் சில்லு உள்ள வானொலிகளில், அதன் 1ஆம், 5ஆம் கால்களுக்கிடையே 10 கிலோஓம் தடையியையும் 0.033 மைக்ரோபரட் கொள்ளளவியையும் தொடராக இணைத்துத் தாழ்சுரத்தை உயர்த்தும் வழியும் உண்டு. பலர் இதைத்தான் முதலில் செய்கிறார்கள். சிறு ஸ்பீக்கருக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை. செய்தி வாசிப்பவரின் குரல் குடத்துக்குள் விழுந்தது போலாகிவிடும்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்தை மட்டும் செய்து, ஒவ்வொன்றுக்கும் பிறகு பாட்டை அல்லாமல் செய்தியைக் கேட்டுப் பாருங்கள். குரலிலுள்ள பிழையைக் காது உடனே பிடித்துவிடும். சோதிக்கும்போது பற்றரியிலேயே இயக்குங்கள். கைபேசி மின்னேற்றிகள் மத்திய அலையில் எழுப்பும் இரைச்சலை உங்கள் வேலையின் பிழையென்று எண்ணி, சரியாகப் பற்றவைத்ததை மீண்டும் கழற்ற நேரிடும்.