அமுக்குவான் பேய்: பயத்தில் நாம் செய்யும் தவறுகள்

நம்மூரில் இதற்கு அமுக்குவான் பேய் என்று பெயர். மருத்துவர்கள் ஸ்லீப் பராலிசிஸ் என்பார்கள். விழிப்பு வந்துவிடும், மின்விசிறி சுற்றுவது தெரியும், கை கால் மட்டும் அசையாது. கத்தப் பார்த்தால் குரல் எழும்பாது. அறையில் யாரோ நிற்பது போலவும், நெஞ்சில் ஏறி உட்கார்ந்துவிட்டது போலவும் இருக்கும். பெரும்பாலும் சில விநாடிகளிலோ ஓரிரு நிமிடங்களிலோ தானாக விட்டுவிடும். வாழ்நாளில் ஒருமுறையாவது இது வந்தவர்கள் நூற்றுக்கு சுமார் 8 பேர், மாணவர்களில் மட்டும் பார்த்தால் 28 பேர் என்கிறது பல ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் வெளியான ஒரு கணக்கு. எந்த ஹாஸ்டலில் கேட்டாலும் இரண்டு மூன்று கதை கிடைக்கும்.

பெரும்பாலானவர்களுக்கு இதனால் உடம்புக்கு ஒரு கெடுதலும் இல்லை. பயந்துபோய் நாம் செய்கிற காரியங்கள்தான் பல நேரம் பயத்தைக் கூட்டுகின்றன, சில இதைத் திரும்ப வரவழைக்கவும் செய்கின்றன.

முதலாவது, அந்த நேரத்தில் முழு பலத்தையும் திரட்டி எழப் பார்ப்பது. 1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் அசெரின்ஸ்கியும் க்ளைட்மனும், தூக்கத்தின் ஒரு கட்டத்தில் மூடிய இமைக்குள் கண்கள் வேகமாக அலைவதைப் பற்றி எழுதினார்கள். அதைத்தான் இன்று ரெம் தூக்கம் என்கிறோம். தெளிவான, கதை போன்ற கனவுகள் அதிகம் வருவது அதில்தான். கனவில் ஓடுகிறோம், சண்டை போடுகிறோம். உடம்பும் கூடவே ஓடினால் கட்டிலில் இருந்து விழ வேண்டியதுதான். அதனால் மூளைத்தண்டு அந்த நேரத்தில் கை கால் தசைகளைச் செயலற்றுப்போக வைக்கிறது. பிரான்ஸில் மிஷெல் ஷூவே என்ற விஞ்ஞானி, பூனைகளின் மூளைத்தண்டில் இந்த வேலையைப் பார்க்கும் பகுதியைச் சேதப்படுத்திப் பார்த்தார். அவை தூக்கத்திலேயே எழுந்து இரை மீது பாய்வது போலப் பாய்ந்தன. பாவம் பூனைகள். நமக்கு அப்படி ஆகாமல் காக்கிற அந்தப் பூட்டு, விழித்த பிறகும் கொஞ்ச நேரம் திறக்காமல் கிடப்பதுதான் அமுக்குவான்.

அதோடு மல்லுக்கட்டினால் ஒன்றும் அசையாது. அசையாததால் பயம் கூடும், பயம் கூடக்கூட மூலையில் இருக்கும் நிழலுக்குக் கையும் காலும் முளைக்கும். கனவு இன்னும் முழுதாகக் கலையவில்லை என்பதை மறந்துவிடக் கூடாது. சும்மா விடுங்கள். கண்களுக்கு அந்தப் பூட்டு கிடையாது, அவற்றை இடமும் வலமும் உருட்டலாம். கால் கட்டைவிரலையோ நாக்கையோ லேசாக அசைக்க முயல்வதும் பலருக்குக் கைகொடுக்கிறது.

மூச்சு நின்றுவிட்டது என்று நினைப்பது அடுத்தது. நிற்கவில்லை. மூச்சின் முக்கிய வேலையைச் செய்யும் உதரவிதானம் ரெம் தூக்கத்திலும் ஓய்வெடுப்பதில்லை. விலா எலும்புகளுக்கு இடையில் உள்ள தசைகள் தளர்ந்திருப்பதால் நாமாக ஆழமாக இழுக்க முடிவதில்லை, அந்த இயலாமையே நெஞ்சில் பாரமாகத் தெரிகிறது. சின்னச் சின்ன மூச்சாக, அது போகிற போக்கில் போகட்டும்.

பேய் விஷயத்துக்கு வருவோம். ஜப்பானில் இதைக் கனாஷிபாரி என்கிறார்கள், கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் ஒரு கிழவி வந்து உட்காருகிறாள். ஹென்றி ஃபியூஸ்லி 1781இல் வரைந்த ஓவியத்தில் படுத்திருக்கும் பெண்ணின் நெஞ்சில் ஒரு குட்டிச்சாத்தான் குந்தியிருக்கிறது. ஊருக்கு ஊர் ஆள் மாறுகிறதே தவிர உட்காரும் இடம் மாறவில்லை, ஏனென்றால் தசை எல்லோருக்கும் ஒன்றுதான். திருநீறு பூசிக்கொண்டு படுத்தால் நிம்மதியாகத் தூக்கம் வருகிறதா, தாராளமாகப் பூசிக்கொள்ளுங்கள். நிம்மதி நல்லதுதானே. தலையணைக்கு அடியில் கத்தி வைப்பது மட்டும் வேண்டாம், தூக்கக் கலக்கத்தில் கை போனால் காயம். கல்லூரியில் படிக்கும் பெண்ணைப் பேய் பிடித்தவள் என்று கோயில் கோயிலாக இழுத்துக்கொண்டு அலைவது அதைவிடக் கொடுமை. அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு இரவு வந்தாலே நடுங்கும்.

அந்த நடுக்கம்தான் இருப்பதிலேயே பெரிய தவறில் கொண்டுபோய் விடுகிறது: மறுபடி வந்துவிடுமோ என்று தூங்காமல் விழித்துக்கொண்டிருப்பது. போனைப் பார்த்துக்கொண்டே இரவு இரண்டு மணி ஆக்குவார்கள், அப்புறம் கல்லூரியில் இருந்து வந்து சாயங்காலம் மல்லாந்து ஒரு தூக்கம். அமுக்குவானுக்கு இதைவிட நல்ல அழைப்பு கிடையாது. தூக்கம் குறைந்தால் மூளை பாக்கியை வசூலிக்கும், ரெம் தூக்கமும் நேரம் தப்பி முந்திக்கொண்டு வரும். தூக்கமும் விழிப்பும் சரியாகப் பிரியாமல் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். தேர்வு நேரத்திலும் இரவு ஷிஃப்ட் மாறுகிற வாரங்களிலும் இது அதிகம் வருவது இதனால்தான். தினமும் ஒரே நேரத்தில் படுத்து ஒரே நேரத்தில் எழுவதைவிட நல்ல வைத்தியம் எனக்குத் தெரிந்து இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மல்லாந்து படுப்பவர்களுக்கு இது அதிகம் வருகிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒருக்களித்துப் படுங்கள். வந்து விட்டுவிட்டால் உடனே கண்ணை மூடாமல், எழுந்து உட்கார்ந்து கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி படுங்கள். இல்லையென்றால் விட்ட இடத்திலிருந்து தொடர வாய்ப்புண்டு.

தூக்கம் வரட்டும் என்று மது குடிப்பதும் உதவாது. மது இரவின் முன்பாதியில் ரெம் தூக்கத்தை அடக்கிவைக்கிறது, பின்பாதியில் அது சேர்த்து வைத்துத் திரும்புகிறது. மனச்சோர்வுக்குச் சாப்பிடும் மாத்திரைகளில் பலவும் ரெம் தூக்கத்தைக் குறைப்பவை. அவற்றைச் சொந்த முடிவில் திடீரென்று நிறுத்தினாலும் இதே கதைதான்.

பக்கத்தில் படுத்திருப்பவர் கண்கள் மட்டும் அலைய, முனகிக்கொண்டு கிடந்தால் தோளைத் தொட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே பெரும்பாலும் விட்டுவிடும். முகத்தில் தண்ணீர் அடிக்கத் தேவையில்லை.

எல்லாமே பயந்தான் என்று ஒதுக்குவதும் தவறு. பகலில் பேசிக்கொண்டிருக்கும்போதே தூக்கம் தள்ளுகிறது, பலமாகச் சிரித்தால் முழங்கால் துவண்டுபோகிறது என்றால் அது நார்கோலெப்ஸியாக இருக்கலாம். மூளையில் விழிப்பைத் தாங்கிப்பிடிக்கும் ஒரெக்ஸின் என்ற வேதிப்பொருள் குறைவதால் பெரும்பாலும் வருகிற நோய் அது. நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். உடம்பின் ஒரு பக்கம் மட்டும் செயலிழந்தாலோ, வாய் கோணினாலோ, முழுதாக விழித்த பிறகும் பேச்சு குழறினாலோ அது அமுக்குவான் இல்லை, பக்கவாதமாக இருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.