வளையக் கிண்ணம்: மூட்டில் இடைவெளி விழாமல் ஒட்ட

சின்ன மரத்துண்டுகளை வளையமாக ஒட்டி, வளையத்தின் மேல் வளையம் அடுக்கி லேத்தில் கடையும் கிண்ணம் பெரும்பாலும் கெடுவது கடைசலில் அல்ல, ஒட்டுவதில்தான். 12 துண்டு வளையம் என்றால் ஒவ்வொரு துண்டின் இரு முனைகளையும் 15 பாகை சாய்வாக வெட்ட வேண்டும். மொத்தம் 24 முனைகள். எல்லாவற்றிலும் ஒரே பக்கமாக 0.1 பாகை பிசகினால் போதும், கடைசி மூட்டு 2.4 பாகை வாய் பிளந்து நிற்கும். இழுத்துப் பிடித்து ஒட்டினால் பின்னால் அந்த இடம்தான் விடும்.

அதனால் வளையத்தை ஒரேயடியாக ஒட்டாதீர்கள். எதிரெதிரான இரண்டு மூட்டுகளில் மட்டும் பசை தடவாமல் மூட்டுக்கு ஒரு பென்சிலைச் செருகி, ஹோஸ் கிளிப்பால் (திருகினால் இறுகும் உலோகப் பட்டை) சுற்றி இறுக்குங்கள். காய்ந்ததும் இரண்டு அரை வளையங்கள் கிடைக்கும். தடித்த கண்ணாடியில் 80 ஆம் நம்பர் உப்புத்தாளை ஒட்டி, அரை வளையத்தின் இரு முனைகளும் ஒன்றாகப் படும்படி தேயுங்கள். தேய்க்கும் முன் முனைகளில் பென்சிலால் கிறுக்கிக்கொள்ளுங்கள். கிறுக்கல் முழுக்க அழிந்தால் தளம் சமம். அப்புறம் இரண்டையும் சேர்த்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஒரு கீற்றுகூடத் தெரியக் கூடாது. சரி, இப்போது ஒட்டலாம்.

12 துண்டு வளையத்தில் ஒரு துண்டின் வெளிப்பக்க நீளம், வளையத்தின் விட்டம் பெருக்கல் 0.268. 20 செ.மீ. வளையத்துக்கு 5.4 செ.மீ. வரும். அடுக்கும்போது செங்கல் சுவர் போல மூட்டுகளை மாற்றி வையுங்கள். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, முழு முகத்தையும் மறைக்கும் கவசம் போட்டுக்கொண்டு, குறைந்த வேகத்தில் கடையத் தொடங்குங்கள்.