காதுக் கருவி வந்தாச்சு, சைகை எதற்கு?

கென்யத் தொடக்கப் பள்ளிகளில் காது கேளாத பிள்ளைகளுக்கு உதவ வருகிறவர்கள் ஆசையோடுதான் வருகிறார்கள். ஆனால் ஒரே தவறுகளைத்தான் வருஷா வருஷம் பார்க்கிறேன். கரும்பலகையைப் பார்த்தபடி பாடம் நடத்துவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அதைப் பிள்ளைகளே திருத்திவிடுவார்கள்.

கருவி மாட்டினால் மொழி வந்துவிடும் என்று நம்புவது

மேற்குக் கென்யாவில் ஒரு பள்ளி. நன்கொடையாகக் காதுக் கருவிகள் வந்தன, மாட்டினார்கள், படம் எடுத்தார்கள். அடுத்த தவணையில் பாதிக்கு மேல் மேசை இழுப்பறைக்குள் கிடந்தன. ஒரு சிறுமி தன்னுடையதைச் சட்டைப் பையில் வைத்திருந்தாள். மாட்டினால் 'உய்ய்' என்று விசிலடித்தது. கருவியில் குறையில்லை. காது வளர்ந்ததில் இயர் மோல்டு (காதுக்குள் பொருந்தும்படி வார்த்த அச்சு) தளர்ந்திருந்தது. வளரும் பிள்ளைக்கு அதை அடிக்கடி புதிதாக வார்க்க வேண்டும். பேட்டரியோ, மேலே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை உரித்துவிட்டால் சும்மா வைத்தாலும் தீர்ந்துபோகும்.

இதுகூடப் பரவாயில்லை. கருவி வந்த கையோடு சைகைமொழி வகுப்பை நிறுத்தியதுதான் இன்னும் எரிகிறது. "இனி பேசிப் பழகட்டும்" என்றார்கள். பிறவியிலேயே கொஞ்சமும் கேட்காத பிள்ளைக்கு ஏழெட்டு வயதில் கருவி மாட்டினால் சத்தம் ஏதோ எட்டலாம், பேச்சு பிடிபடாது. சரி, உதட்டைப் பார்த்துக்கொள்ளட்டும் என்பார்கள். சுவாஹிலியில் அப்பா 'பாபா', அம்மா 'மாமா'. கண்ணாடி முன்னால் சத்தமில்லாமல் சொல்லிப் பாருங்கள், உதடு ஒரே மாதிரிதான் அசையும்.

பெரும்பாலான பிள்ளைகளின் வீட்டில் எல்லோருக்கும் காது கேட்கும், சைகை தெரியாது. பல பேருக்கு முழுதாக ஒரு மொழி கிடைப்பதே பள்ளியில்தான். அதையும் பிடுங்கிவிட்டு, கழித்தலை எதில் சொல்லித் தருவது? மொழி தானாகப் படியும் வயது காத்திருக்காது. கருவி வேண்டாம் என்று சொல்லவில்லை. ஓரளவு கேட்கும் பிள்ளைக்கு நன்றாகவே உதவும். சைகையை நிறுத்தாமல் கொடுங்கள்.

வெளிநாட்டுச் சைகையைக் கொண்டுவருவது

விரல் எழுத்துகள் (ஆங்கில எழுத்துகளை விரலால் காட்டும் முறை) ஏறக்குறைய ஒன்றுபோல இருப்பதால், அமெரிக்கச் சைகை தெரிந்தால் போதும் என்று ஏமாந்துபோகிறார்கள். கென்யச் சைகைமொழி தனி மொழி. 2010 அரசியலமைப்பின்படி நாடாளுமன்றத்தின் அதிகாரபூர்வ மொழிகள் மூன்றில் அதுவும் ஒன்று. எல்லை தாண்டி உகாண்டாவுக்கோ தான்சானியாவுக்கோ போனால் அங்கே வேறு.

"புரிந்ததா?" என்று கேட்பது

எல்லோரும் தலையாட்டுவார்கள். திருப்பிச் செய்துகாட்டச் சொல்லுங்கள்.

காது கேளாத பெரியவர் ஒருவர்கூட இல்லாமல் திட்டம் போடுவது

வேண்டாம். ஒருவரையாவது வகுப்பறைக்குள் வையுங்கள், சம்பளம் கொடுத்து. சேவை என்று சொல்லி இலவசமாக வரவழைக்காதீர்கள்.