"எல்லாம் விளங்கிற்று சேர்"

பரீட்சைக் காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு அருகிலுள்ள பரமேஸ்வராச் சந்திப் பக்கம் போனால் போட்டோகொப்பிக் கடைகளில் நிற்க இடமிருக்காது. சீனியர் அக்காவின் நோட்ஸ், போன வருட வினாத்தாள், விரிவுரை ஸ்லைட் எல்லாம் கட்டுக்கட்டாகப் போகும். "பாடம் எப்படி?" என்று விரிவுரையாளர்கள் நாங்கள் கேட்டால், "எல்லாம் விளங்கிற்று சேர், இன்னும் ஒருக்கால் பார்த்தால் சரி" என்று பதில் வரும். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்புகிறார்கள். பெறுபேறு வரும்போதுதான் சிக்கல்.

கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு தன்னை அளப்பதுதான் முதல் தவறு, பெரிய தவறும் அதுதான். நாலாவது தடவை வாசிக்கும்போது ஒவ்வொரு வரியும் பழகின முகமாக இருக்கும். அந்தப் பழக்கத்தை அறிவு என்று எடுத்துக்கொள்கிறோம். ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட பரிசோதனையில், ஒரு குழு ஒரு பந்தியை நான்கு கட்டங்களிலும் வாசித்தது. இன்னொரு குழு முதற்கட்டத்தில் மட்டும் வாசித்துவிட்டு, மற்ற மூன்றிலும் பாராமல் எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்களே முன்னுக்கு நின்றார்கள். ஒரு கிழமை கழித்து அவர்களுக்கு நினைவிலிருந்தது சுமார் 40 வீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. இதில் வேடிக்கை, தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று கூடுதலாக நம்பியதும் அந்த வாசித்த குழுதான்.

அதனால் கொப்பியை மூடுங்கள். வெற்றுத்தாளில் தலைப்பை மட்டும் எழுதி, தெரிந்ததை எல்லாம் கொட்டுங்கள். பிறகு கொப்பியைத் திறந்து, விட்டதைச் சிவப்புப் பேனையால் எழுதுங்கள். படித்த கையோடு செய்தால் எல்லாம் வரும், ஏமாந்து போவீர்கள். ஒரு நாளாவது விட்டுச் செய்யுங்கள். அடுத்த மீட்டலில் சிவப்பாக இருப்பதை மட்டும் பார்த்தால் போதும்.

பாஸ்ட் பேப்பர் செய்கிறேன் என்பவர்களும் இதே குழியில் விழுவதுண்டு. ஏ.எல் (உயர்தரப் பரீட்சை) காலத்துப் பழக்கம் அது: கேள்வியைப் பார்ப்பது, பக்கத்தில் இருக்கும் விடையைப் பார்ப்பது, "இதைத்தானே நானும் நினைத்தேன்" என்று அடுத்ததற்குப் போவது. நினைத்தது வேறு, தாளில் இறங்கியது வேறு. நேரம் வைத்து முழுதாக எழுதிவிட்டு விடையைத் திறந்தால்தான் அது கணக்கு.

அப்புறம் குப்பி, அதாவது மாணவன் ஒருவன் சக மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் கூட்டம். குப்பி விளக்கைச் சுற்றியிருந்து படித்ததால் வந்த பெயர் என்பார்கள். பொருளாதாரத் தடைக்காலத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்த எங்கள் ஊருக்கு அந்தப் பெயர் இன்னும் நன்றாகப் பொருந்தும். குப்பி நல்ல விசயம்தான். ஆனால் கெட்டிக்காரன் ஒருவன் வெள்ளைப் பலகையில் வழுக்கிக்கொண்டு போகும்போது அவனுடைய தெளிவை எங்களுடையதாக நினைத்துவிடுகிறோம். ஹார்வர்டில் பௌதிகவியல் மாணவர்களை வைத்துச் செய்து 2019இல் வெளிவந்த ஆய்விலும் இதுதான் தெரிந்தது. சரளமான விரிவுரையைக் கேட்டவர்கள் கூடுதலாகப் படித்ததாக உணர்ந்தார்கள்; தாங்களே மல்லுக்கட்டிக் கணக்குச் செய்தவர்கள் சோதனையில் கூடுதலான புள்ளி எடுத்தார்கள். குப்பியில் உண்மையாக லாபம் அடைவது படிப்பிக்கிறவன். ஆகவே கடைசிப் பதினைந்து நிமிடம் மார்க்கரை வாங்கி, கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பலகைக்குப் போகட்டும்.

யாழ்ப்பாணத்தில் இன்னொரு தவறையும் அடிக்கடி பார்க்கிறேன். ஏ.எல் வரை தமிழில் படித்துவிட்டு ஆங்கில மொழிமூலத்துக்குள் வருகிறவர்கள், பாடம் பிடிபடாததற்கெல்லாம் ஆங்கிலத்தின் மேல் பழி போடுகிறார்கள். சிலருக்கு அது உண்மை. சோதிக்க வழி இருக்கிறது: அதே விடயத்தை அறைத் தோழிக்குத் தமிழில் சொல்லிப் பாருங்கள். தடங்கலில்லாமல் வந்தால் குறை மொழியில். ஆங்கிலத்தில் எழுதிப் பழகுங்கள். தமிழிலும் திக்கினால் பாடமே விளங்கவில்லை, ஆங்கில வகுப்புக்குப் போய்ப் பயனில்லை. இதற்கு நேர்மாறானவர்களும் உண்டு. ஆங்கில வசனத்தை அட்சரம் பிசகாமல் ஒப்புவிப்பார்கள், "ஏன்?" என்று கேட்டால் முழிப்பார்கள்.

நூலகத்தில் எட்டு மணித்தியாலம் இருந்தேன் என்பது கதிரைக்குத்தான் கணக்கு. ஜி.பி.ஏ. (சராசரிப் புள்ளி) வரும்போது அந்த செமஸ்டர் முடிந்துபோயிருக்கும், அதை வைத்துத் திருத்த ஒன்றும் மிஞ்சாது.

விரிவுரையாளர்களுக்கும் ஒரு சொல், என்னையும் சேர்த்துத்தான். "விளங்குதா?" என்று கேட்டுவிட்டுத் தலையாட்டலை நம்புகிறோம். அத்தனை பேருக்கு முன்னால் எந்தப் பிள்ளை எழும்பி "இல்லை" என்று சொல்லும்? சின்னச் சோதனை வைக்கும்போது, எத்தனை புள்ளி வரும் என்று விடைத்தாளின் மூலையில் அவர்களையே முதலில் எழுதச் சொல்லுங்கள். திருத்திக் கொடுக்கும்போது இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். வகுப்பு முடிய ஐந்து நிமிடம் இருக்கையில், பிடிபடாத ஒன்றை ஒரு துண்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். பெயர் வேண்டாம் என்று முதலே சொல்லிவிட வேண்டும். பெயர் கேட்டால் அந்தத் துண்டிலும் "எல்லாம் விளங்கிற்று சேர்" என்றுதான் இருக்கும்.